முகமூடிக்காரனிடம் கேட்காத கேள்வி

முகத்தை முழுவதும் மூடிக்கொண்டு, ஊர் பேர் சொல்லாமல் வந்து நிற்கிற ஒருவனை ஒரு நகரமே நம்பலாம் என்றால், முகத்தைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிற ஒருத்தியை ஒரு வீட்டுக்காரரால் ஏன் நம்ப முடியவில்லை?

இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், அன்னூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி காட்சியில் அது என் மடியில் வந்து விழுந்தது. படம் தமிழில் பேசவைக்கப்பட்ட ஓர் ஆங்கிலப் படம். முகமூடி அணிந்த மாவீரன் ஒருவன் ஒரு நகரத்தைக் காப்பாற்றுகிற கதை. கோயமுத்தூரில் ஓடி முடித்துவிட்டு அன்னூருக்கு வந்து, யாரும் எதிர்பாராத வகையில் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் துண்டை முதுகில் கட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் பெஞ்சு தாவினார்கள். நான் அந்தப் படத்தைப் பார்க்கும் முன்பே அதன்மேல் எரிச்சலாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது நான் சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு, அங்கே ஒரு தனியார் பள்ளியில் வரலாறும் குடிமையியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால், கணவரை இழந்து தனியாக இருந்த ஓர் அம்மாள் வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அவருடைய இரண்டு மகன்களும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு எருமைகள், தெருவுக்குப் பால், பின்புறம் ஒரு கிணறு. இவைதான் அவருடைய உலகம்.

நான் வீடு கேட்டுப் போன முதல் நாளை இங்கே சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

"எந்த ஊருங்க அம்மணி?" என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க என்ன கூட்டமுங்க?"

எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் குலத்துக்குக் கூட்டம் என்று பெயர். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான் முறை. புதிதாகப் பார்க்கிற ஒருவரை என்ன முறை சொல்லி அழைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி என்று எனக்குச் சிறுவயதில் சொல்லப்பட்டிருந்தது. நானும் அப்படியே நம்பி, பதில் சொன்னேன்.

"அட, நானும் அதே கூட்டத்துல பொறந்தவதானே! அப்ப உங்கப்பன் எனக்கு அண்ணன் மொறை ஆச்சு. அத்தைன்னு கூப்புடு கண்ணு. உள்ள வா, காப்பி குடி."

ஒரே மூச்சில் 'ங்க' கழன்று விழுந்துவிட்டது. அறையைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் மருமகள் ஆகிவிட்டேன். அன்று அது எனக்கு மிகவும் இதமாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

என் அறைக்குப் பக்கத்தில் இன்னோர் அறை காலியாகக் கிடந்தது. என்னோடு வேலை பார்த்த அறிவியல் ஆசிரியைக்கு அது தேவைப்பட்டது. காரமடைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர் அவர். மேட்டுப்பாளையத்தில் ஒரு பஸ் தாமதித்தால் முதல் வகுப்பு போய்விடும். தாளாளர் இரண்டு முறை பொறுத்தார். மூன்றாவது முறை எல்லார் முன்பும், "பொங்கலுக்கு மேலயும் லேட்டா வந்தீங்கன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார். அவர் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அவருக்குக் கீழே படித்துக்கொண்டிருந்த தம்பி, தங்கை இருவருடைய படிப்பும் அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே பொங்கலுக்குள் ஊருக்குள் ஒரு வீடு வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அன்னூரில் வீடு கொடுப்பவர்கள் குறைவு. காலனியில் பிறந்த பெண்ணுக்கு அதனினும் குறைவு. அவருடைய அப்பா மேட்டுப்பாளையம் பக்கம் பாக்குத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்.

வீடு பார்க்க வருவதற்கு முன்பு பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்று தோழி என்னிடம் சொன்னார்:

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. எனக்காக நீங்க நேர்மையா இருக்க வேண்டாம்."

"நாமே முதல்ல சொல்லிட்டா நல்லதில்லீங்களா? பின்னால தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க."

"பின்னால தெரிஞ்சா பின்னால பாத்துக்கலாம். நீங்க எதை எடுத்தாலும் பத்து வருசம் கழிச்சு என்ன ஆவும்னு பாக்கறீங்க. எனக்கு நாளைக்குக் காலைல அடிக்கிற பெல்லுதான் கேக்குது. அவிக கேட்டா நான் சொல்லிக்கறேன். கேக்காததுக்கு எதுக்குங்க பதிலு?"

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் வீடு அவருக்கு. வாய் மட்டும் என்னுடையது. மூடிக்கொண்டேன்.

அத்தை எங்களை வரவேற்ற விதத்தில் எந்தக் குறையும் இல்லை. தோழிக்குப் பாய் விரித்தார். மோர் கொடுத்தார். 'ங்க' மட்டும் உதிரவே இல்லை.

"வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. காரமடைங்களா? தேருக்கெல்லாம் வந்திருக்கேனுங்க. அங்க எந்தப் பக்கமுங்க?"

"ஊருக்குக் கொஞ்சம் தள்ளிங்கம்மா."

"தோட்டம் காடெல்லாம் இருக்குதுங்களா?"

"அப்பா பாக்குத் தோட்டத்துல இருக்காருங்க."

"சொந்தத் தோட்டமுங்களா?"

"பாத்துக்கறாருங்க."

"சரிங்க, சரிங்க. கொலதெய்வம் எங்கீங்க?"

"எங்களுக்கு எல்லாமே ரங்கநாதர்தானுங்கம்மா."

"பெருமாளு ஊருக்கே பொதுவுங்க. உங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்குமில்லீங்க?"

"வருசத்துக்கு ஒருக்கா போறதுதானுங்க. மோர் நல்லாயிருக்குதுங்கம்மா, எருமைப் பாலுங்களா?"

இப்படியே கால் மணி நேரம். இருவரும் ஒருவரையொருவர் சிரித்த முகத்தோடு சுற்றிச் சுற்றி வந்தார்கள். எங்கள் பேச்சில் உள்ள மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகி உருகிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த 'ங்க' சில நேரம் திறந்த கதவு. சில நேரம் திண்டுக்கல் பூட்டு.

கடைசியில் அத்தை, "ஞாயித்துக்கெழமை சொல்றேனுங்க டீச்சரம்மா" என்றார். உடனே என் பக்கம் திரும்பி, "ஏங் கண்ணு, அந்த முகமூடிப் படத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போறியா? பால் வாங்க வாரவங்க பூராம் பாத்துப்போட்டாங்க. ஆளாளுக்குக் கதை சொல்லிக் கொல்றாங்க. டீச்சரம்மாளும் வரட்டும். பாத்துப்போட்டு வந்து ரூமு விசயத்தப் பேசிக்கலாம்" என்றார்.

இப்படித்தான் ஓர் அறையும் ஒரு மாவீரனும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து சேர்ந்தார்கள்.

தியேட்டரில் பெண்களுக்கு வலது பக்கம் தனிப் பெஞ்சுகள். அத்தை நடுவில், நாங்கள் இருபுறமும். என் எரிச்சலுக்குத் திரையில் எல்லா வசதியும் செய்து வைத்திருந்தார்கள். கதாநாயகன் பகலில் கடிகாரம் பழுது பார்க்கிற சாது. ஊருக்கு ஆபத்து என்றால் சாம்பல் நிறத்தில் முகமூடி போட்டுக்கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் தாவுவான். குரல் கொடுத்தவர் யாரோ, நாடக மேடையில் வளர்ந்தவர் போலிருக்கிறது. கதாநாயகன் உதட்டை ஒருமுறை அசைத்தால் நான்கு வாக்கியம் செந்தமிழில் வந்து விழுந்தது. "நில்லடா நீசனே!" என்று அவன் ஆரம்பித்தபோது முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "ஏனுங் சார், வாய மூடிப்போட்டு அப்பறம் பேசுங்க, ஒண்ணும் வெளங்குல!" என்றது. தியேட்டர் முழுதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பஸ்கள் பறந்து கடைகளின்மேல் விழுகின்றனவே, அந்தக் கடைக்காரர்கள் மறுநாள் என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நகரத்தில் நஷ்ட ஈடு கேட்கவும் ஓர் அலுவலகம் இருக்குமா? மாவீரனுக்கு முகவரி கிடையாதே, மனுவை யாருக்கு அனுப்புவது?

பிறகு அந்தத் தண்ணீர்த் தொட்டி வந்தது. நகரத்தின் குடிநீரில் விஷம் கலக்க வருகிறான் வில்லன். நாயகன் அவனைத் தூக்கி எறிகிறான். அவன் போய் மோதியதில், மலைபோல் நிற்கிற தண்ணீர்த் தொட்டி பிளந்து, தெருத்தெருவாகத் தண்ணீர் ஓடுகிறது. வேறு ஊரில் இந்த இடத்தில் விசில் பறந்திருக்கும். அன்னூரில் அவ்வளவு பேரும் ஒன்றாக "ச்சு ச்சு" கொட்டினார்கள்.

"அடக் கெரகமே! அத்தனை தண்ணியும் ரோட்டுல போவுதே! ஓடிப் போயி ஒரு குண்டாவாவது வெக்கக் கூடாதா?" என்று அத்தை பதறினார்.

பின்னாலிருந்து ஒரு பெண், "நம்ம ஊருக்குக் கொழாத்தண்ணி வாரதே எப்பவோ ஒருக்கா. இவன் ஒடைச்சுப்போட்டு ஒய்யாரமா நிக்கறானே, இவனெல்லாம் ஒரு ஈரோவா?" என்றார்.

அந்த ஒரு நிமிடம் என் மனம் குளிர்ந்தது. விளைவுகளைப் பற்றி யோசிக்கிற ஒரே ஆள் நான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். தோழி மட்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை, முகமூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை விட்டது. வெளியே வந்ததும் அத்தையின் கொழுந்தனார், அதாவது அவருடைய கணவரின் தம்பி, ஆண்கள் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். பின்கட்டுக் கிணறு இவர் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் பொது. வாய் ஓயாத, வேடிக்கையான மனிதர். முறைப்படி எனக்கு மாமா. எங்கள் எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கையில் கொடுத்தார்.

"என்னுங்கண்ணி, அழுதுகிழுது போட்டீங்களா? இந்த முகமூடிக்காரன் பொண்ணு கேட்டு வந்தா குடுப்பீங்களா?"

"எனக்கேது பொண்ணு? ரெண்டும் பசங்களாப் போச்சு. உங்கூட்டுலதான் ஒண்ணு நிக்குதே, நீயே குடு."

"குடுக்கலாமுங்க. பையன் நல்லாத்தான் தாவறான். கூட்டம் மட்டும் கேட்டுப்போட்டுக் குடுத்தறலாம்!"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதே சிரிப்பு காயாமல் அவர் தோழியின் பக்கம் திரும்பினார்.

"இந்த டீச்சரம்மாதான் பின்னால ரூமுக்கு வாரவங்களா? வாங்க, வாங்க. நீங்க எந்தக் கூட்டமுங்க?"

தோழி வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "கெடக்குது உடு, கலரக் குடிக்க உடு. அவிக காரமடைப் பக்கம், நம்ம பெரிய மாமன் ஊட்டுக்கெல்லாம் பழக்கந்தான்."

பெரிய மாமன் வீட்டைத் தோழி கனவிலும் கண்டதில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அத்தைக்குத் தெரியும். மோர் குடித்த அன்றே தெரிந்திருக்கிறது.

"காரமடைல நமக்கும் ஏகப்பட்ட ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் இருக்குதுங்க. அதுக்குத்தான் கேட்டேன்" என்று மாமா விடாமல் நின்றார். அவர் குரலில் எந்த வன்மமும் இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிறது. வன்மம் இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தோழி கலர் பாட்டிலைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

"எங்களுக்குக் கூட்டமெல்லாம் இல்லீங்க. காரமடைக்குப் பக்கத்துல காலனிங்க நாங்க. அப்பா பாக்குத் தோட்டத்துல கூலிக்குப் போறாருங்க. நான் பி.எஸ்ஸி., பி.எட். முடிச்சிருக்கேனுங்க."

மாமா முகம் முழுக்க மரியாதையை வரவழைத்துக்கொண்டார். "ஓ... சரிங்க, சரிங்க. படிச்சிருக்கீங்க, ரொம்பச் சந்தோசமுங்க. படிப்புத்தானுங்க முக்கியம்." மணி அடித்தது. காலி பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுப்பதற்காக என் கையிலிருந்ததை வாங்கினார், அத்தை கையிலிருந்ததை வாங்கினார், தன்னுடையதையும் எடுத்துக்கொண்டார். சுவரில் இருந்ததை விட்டுவிட்டுப் போனார். மிச்சத்தை நிதானமாகக் குடித்து முடித்து, தோழி தானே அதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படி ஒன்று நடந்த பிறகு மனிதர்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆனால் படம் பாதி பாக்கி இருந்தது. டிக்கெட் எடுத்துவிட்டோம். மூன்று பேரும் அதே பெஞ்சுக்குத் திரும்பினோம். அத்தை தன் மஞ்சள் பையை மடியிலிருந்து எடுத்துத் தனக்கும் தோழிக்கும் நடுவில் வைத்தார். பையில் ஒரு வெற்றிலைப் பொட்டலமும் சாவிக் கொத்தும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் அதற்கு இரண்டு பேர் உட்காரும் இடம் தேவைப்பட்டது.

இரண்டாம் பாதியின் கதை இதுதான். நாயகன் முகமூடியைக் கழற்றி, தான் யாரென்று ஊர் நடுவில் நின்று சொல்ல வேண்டும். சொன்னால் பிணையாகப் பிடித்து வைத்திருப்பவர்களை விட்டுவிடுகிறேன் என்கிறான் வில்லன். அதிகாரிகளும் கேட்கிறார்கள், பத்திரிகைக்காரர்களும் கேட்கிறார்கள்: யார் நீ? எங்கிருந்து வந்தாய்? அவன் சரியென்று முகமூடியில் கை வைக்கிறான். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு மீன்காரக் கிழவி வந்து அவன் கையைப் பிடித்துத் தடுக்கிறாள். "வேண்டாமப்பா! நீ யாராக இருந்தால் எங்களுக்கென்ன? நீ எங்கள் வீட்டுப் பிள்ளை!" என்கிறாள். உடனே அந்த நகரத்து ஜனங்கள் அத்தனை பேரும், அவன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்கிறார்கள்.

தியேட்டர் அதிர்ந்தது. அப்படியொரு கைதட்டலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு விசில். சாயங்காலம் மாடுகளை ஓட்டிவரும்போது மாமா அடிக்கிற விசில் அதுதான். எனக்கு நன்றாகத் தெரியும். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகராசன்! யாரு பெத்த புள்ளையோ, நல்லாயிருக்கோணும்" என்றார்.

எழுந்து நின்று விளக்கைப் போடச் சொல்லி, ஒவ்வொருவரையும், 'இவனிடம் மட்டும் கூட்டம் கேட்கவில்லையே, ஏன்?' என்று கேட்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. அதற்குள் பையின் அந்தப் பக்கம் பார்த்தேன். தோழியும் கைதட்டிக்கொண்டிருந்தார்! கண்கள் பளபளக்க, குழந்தையைப்போல. எனக்கு வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். படலைத் திறக்காமல், கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அத்தை திரும்பினார்.

"டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ரூமுல பருத்திக்கொட்டை மூட்டை போடோணும்ங்கறாருங்க எங்க கொழுந்தனாரு."

"அவரு எப்ப அத்தை சொன்னாரு?" என்று நான் கேட்டேன். "இடைவேளைக்கு அப்பறம் நீங்க அவரைப் பாக்கவே இல்லையே."

"சொல்லுவாரு கண்ணு."

"சொல்றதுக்கு முன்னாடியேவா?"

"உனக்கு இதெல்லாம் வெளங்காது. கெணறு ரெண்டு ஊட்டுக்கும் பொது. நாளைக்குத் தண்ணி சேந்தறது யாருன்னு அவன் பொண்டாட்டி கேப்பா, அவளப் பெத்தவ கேப்பா, சீருக்கு வாரவங்க பூராம் கேப்பாங்க." பிறகு தோழியைப் பார்த்து, உண்மையாகவே வருந்துகிற குரலில் சொன்னார்: "அப்பா தோட்டத்தப் பாத்துக்கறாருன்னு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. நீங்க பாட்டுக்குச் சொல்லாம இருந்திருந்தா, நானும் எம்பாட்டுக்குக் கேக்காம இருந்திருப்பனுங்க. இப்பப் பொதுவுல போட்டு ஒடைச்சுப்போட்டீங்களே."

"பரவால்லீங்கம்மா" என்றார் தோழி.

என்னால் அப்படி விட முடியவில்லை. "கொஞ்சம் முன்னாலதான அத்தை அழுதீங்க? யாரா இருந்தா என்னன்னு அந்தக் கெழவி சொன்னப்ப?"

அத்தை என்னை இரக்கத்தோடு பார்த்தார். நான் இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்கிற இரக்கம்.

"அது சினிமா கண்ணு. அவன் என்ன, நம்ம கெணத்துலயா வந்து தண்ணி சேந்தப் போறான்?"

தோழியை பஸ் ஏற்றிவிடப் போனேன். போகிற வழி முழுதும் நான்தான் பேசினேன். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி, அந்தப் படம் எவ்வளவு தீங்கானது என்று விளக்கினேன். ஒரு தியேட்டர் நிறைய மனிதர்கள் இரண்டரை மணி நேரத்தில் தங்கள் நல்ல குணம் முழுவதையும் ஒரு சாம்பல் நிற முகமூடிக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்றேன். வீட்டில் செலவழிக்க வேண்டிய கண்ணீரை அங்கே செலவழித்துவிட்டார் அத்தை என்றேன். தோழி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எனக்குப் படம் புடிச்சுதுங்க."

"எப்படிப் புடிக்கும்?"

"நல்லாயிருந்துச்சு, புடிச்சுது. உங்களுக்குக் கோவம்ங்கறதுக்காக நான் கை தட்டக் கூடாதுங்களா? அத்தனை பேரும் திரும்பி நின்னாங்க பாருங்க, அந்த எடம் எனக்குப் பொய்யின்னு தெரியும். தெரிஞ்சாலும் பாக்கறதுக்கு ஆசையா இருந்துச்சு."

"சரி, அப்ப ஏன் சொன்னீங்க? கேட்டா சொல்லிக்கறேன்னீங்க, அத்தைதான் உங்களுக்காகச் சமாளிச்சுட்டு இருந்தாங்களே."

"அதுக்காகத்தான் சொன்னேன். அந்தம்மா எனக்காகப் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. இன்னைக்குக் கலருக்கு ஒண்ணு, நாளைக்குக் கெணத்துக்கு ஒண்ணு, அப்பறம் ஆடி நோம்பிக்கு ஒண்ணு. சினிமாக்காரன் ரெண்டரை மணி நேரம் மூஞ்சிய மூடிட்டு இருந்தாப் போதும். நான் தண்ணி சேந்தறப்பவும் தலைக்கு ஊத்தறப்பவும் மூடிட்டு இருக்க முடியுங்களா?"

பஸ் இன்னும் வரவில்லை. அவரே சிரித்துக்கொண்டு, "ஆனா தண்ணித் தொட்டிய ஒடைச்சிருக்க வேண்டியதில்ல. அது நீங்க சொல்றது சரிதான்" என்றார்.

அந்த வாரம் நான் நிறையக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோபித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்தால் அத்தைக்கு வேறு ஒரு மருமகள் கிடைப்பாள். கிணற்றில் எதுவும் மாறாது. காலி செய்யாமல் இருந்தால் அதே கிணற்றில் தினமும் காலையில் நான் தண்ணீர் இறைக்க வேண்டும். ஒவ்வொரு வாளியும், என்ன கூட்டம் என்று அத்தை கேட்டதற்கு நான் சொன்ன பதில்போல ஏறி வரும். எதைச் செய்தாலும் தோழிக்கு வீடு கிடைக்காது. தனியாக ஒரு பெண்ணுக்குத் தரமாட்டார்கள் என்பதால், இரண்டு பேராகச் சேர்ந்து தேடினால் ஒரு வாய்ப்பு உண்டு. இதை நான் ஏதோ பெரிய தீர்மானம்போல அவரிடம் சொன்னபோது, "எனக்காகத் தியாகமெல்லாம் பண்ண வேண்டாமுங்க. பாதி வாடகையக் குடுங்க, நல்லா சாம்பார் வைங்க, போதும்" என்றார்.

மேட்டுப்பாளையம் சாலையில், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற ஒரு கடையின் மாடியில் இரண்டு அறை காலியாக இருந்தது. கடைக்காரர் கைகளில் கறுப்பு எண்ணெயோடு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"மேல தண்ணி சிந்துனா கீழ என்ர காயிலெல்லாம் போயிருமுங்க. பாத்துப் பொழங்குவீங்களா?"

"பாத்துப் பொழங்குவோமுங்க."

"எந்த ஊருங்க?"

"தாராபுரம் பக்கமுங்க. இவங்க காரமடை."

"தாராபுரத்துல என்ன கூட்டமுங்க?"

நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த மாடியும் எனக்கு எளிதாகக் கிடைத்திருக்கும். அவருடைய மனைவிக்கு நான் அத்தையோ நாத்தியோ ஆகியிருப்பேன். தோழி என் பக்கத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சருங்க. ரெண்டு பேருமே டீச்சருங்க" என்றேன்.

"அது தெரியுதுங்க. நான் கேட்டது..."

"டீச்சருங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த நேரத்துக்கு யாரோ புகைந்துபோன மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, தோட்டமே காய்கிறது என்று அலறிக்கொண்டு வந்து சேர்ந்தார். கடைக்காரர் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "போயிப் பாருங்க, புடிச்சிருந்தாச் சொல்லுங்க" என்று மோட்டாரிடம் போய்விட்டார். பிறகும் ஒருநாள் கேட்கத்தான் செய்தார், என்னிடம் தனியாக. அப்போதும் அதே பதிலைத்தான் சொன்னேன். தோழியிடம் கேட்டபோது அவர் உள்ளதைச் சொன்னார். கடைக்காரர் சற்று நேரம் காயில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "மேல தண்ணி சிந்தாமப் பாத்துக்கோங்க" என்றாராம். அவர் நல்லவரா, அல்லது கிணறு இல்லாத மனிதரா என்பதை என்னால் இன்றுவரை முடிவுசெய்ய இயலவில்லை. பொங்கலுக்கு முன்பே இருவரும் அங்கே குடிபோனோம். தோழி அந்தப் பள்ளியில் எனக்குப் பிறகும் பல வருடம் வேலை பார்த்தார்.

பால் மட்டும் அத்தையிடமே வாங்கினோம். வேறு யாரும் தண்ணீர் கலக்காமல் தரமாட்டார்கள் என்று தோழிதான் சொன்னார். போகும்போதெல்லாம் அத்தை, "டீச்சரம்மா சௌக்கியமா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, கொசுறாக இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். அந்தக் கொசுறை என்ன செய்வது என்றே எனக்குத் தெரிந்ததில்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியாது, நன்றி சொல்லவும் வாய் வராது. காலி அறையில் பருத்திக்கொட்டை மூட்டை எதுவும் வந்து சேரவில்லை. அந்தப் படத்தைத் தியேட்டரிலிருந்து எடுப்பதற்குள் அத்தை இன்னொரு முறையும் பார்த்துவிட்டார். கிழவி கையைப் பிடிக்கிற இடத்தில் மறுபடியும் அழுததாகச் சொன்னார்.

படத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் பெரிதாக மாறவில்லை. தண்ணீர்த் தொட்டியை உடைத்தவன் அதைக் கட்டிக் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஜனங்கள் முதுகைக் காட்டித் திரும்பி நின்ற காட்சியை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. பொய் என்று தெரிந்தும் பார்க்க ஆசையாக இருந்தது என்று தோழி சொன்னது எனக்கும் பொருந்திவிட்டது.

அன்றிலிருந்து, எந்தக் கூட்டம் என்று யார் கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை. அதனால் எனக்குச் சில வீடுகள் கிடைக்காமல் போயின. என்னைக் கண்ணு என்று அழைக்கத் தொடங்கியவர்கள் டீச்சருங்க என்று நிறுத்திக்கொண்டார்கள்.